லாட்ஜுக்கு வராததற்குக் காரணம் கம்ப்யூட்டர்தான்

செல்லூர், மதுரை
9-9-2003

பாசமுள்ள சூடாமணி அக்காவுக்கும் மதிப்பிற்குரிய அத்தானுக்கும் தம்பி கோகுல்நாத் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறேன். பரமக்குடியில் நீங்கள் இருவரும் என் மேல் உள்ள கோபம் ஒன்றைத் தவிர மற்ற எல்லா வகையிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதவும், வாங்கி அனுப்புகிறேன்.

நேற்று நீங்கள் போனில் பேசினீர்கள். நான் "அக்கா" என்று சொன்னதோடு சரி, மற்றதெல்லாம் நீங்களே பேசி, நீங்களே அழுது, நீங்களே வைத்துவிட்டீர்கள். சேலத்திலிருந்து பெண்ணின் பெரியப்பா வெங்கடரமணன் அவர்கள் இந்த வயதில் பஸ் ஏறி வந்து, ஆரப்பாளையத்தில் லாட்ஜ் எடுத்து, குளித்து, திருமண் இட்டுக்கொண்டு காத்திருக்க, வைகையைத் தாண்டினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கும் மாப்பிள்ளை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே, நாற்பத்து நாலு வயதில் இன்னும் என்ன விளையாட்டு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். உங்களுக்குப் பதில் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. போனில் முடியாததைக் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீங்கள் நடுவில் நிறுத்த முடியாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் பத்துக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. அதற்காகப் பழைய கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். 1990-இல் வந்தது, சில வருஷங்களாக உயிரில்லை, இனி உதவாது என்று அதைக் கண்டம் செய்து உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் பழைய இரும்புக் கடை விருமாண்டி, "மொத்தமா எடுக்க மாட்டேன் சார். இரும்பு தனி, பிளாஸ்டிக்கு தனி, தகடு தனியாப் பிரிச்சு வைங்க. அந்த டிவி மாதிரி இருக்குல்ல, அது மட்டும் வேணாம், வெடிச்சாலும் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டார். ஹெச்.எம். என்னையும் தாமரைச்செல்வி டீச்சரையும் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேருதானே அதைக் கட்டி மேய்ச்சீங்க, நீங்களே பிரிச்சிருங்க" என்றார். திங்கட்கிழமை காலையில் வயரிங் ஆள் வருவதாக இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிரித்தாக வேண்டியிருந்தது. எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்துவிட்டு, அங்கேயே முகம் கழுவி, பத்து மணிக்கு லாட்ஜில் இருப்பேன் என்பது என் கணக்கு. நீங்கள் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக்கூடப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த அளவுக்கு என் மனதில் இந்தச் சம்பந்தத்தின் மேல் அக்கறை இருந்தது என்பதை அத்தான் கவனிக்க வேண்டும்.

தாமரைச்செல்வி டீச்சரை உங்களுக்குத் தெரியாது. கணக்கு டீச்சர். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் தவறிவிட்டார். நாலு வயதுப் பையனோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தார், கம்ப்யூட்டர் வந்த அதே வருஷம். அந்தப் பையன் சூரியபிரகாஷ் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிறான். டீச்சர் ஆனையூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். இத்தனை வருஷக் கடிதங்களில் அவரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியதில்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. எழுதும்படியாக ஒன்றும் இருந்ததில்லை.

அறையைத் திறந்ததும் பழைய ஏ.சி.யின் வாசனை வந்தது. குளிரின் வாசனை இல்லை அக்கா, குளிர் இருந்துவிட்டுப் போன இடத்தின் வாசனை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே ஏ.சி. உள்ள அறை அது ஒன்றுதான். ஜன்னலுக்குச் சிவப்புத் திரை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குத் தனி மாலை. அன்றைய ஹெச்.எம். சாவியை இடுப்பில் செருகி வைத்திருப்பார். மார்ச் மாத வெயிலில் மத்தியானம் அவரைத் தேடினால் அங்கேதான் இருப்பார். கம்ப்யூட்டரை மேற்பார்வை பார்க்கிறேன் என்பார். கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அரை மணி நேரம் பார்ப்பதாக வந்து, சாயங்காலம் மணி அடிக்கும்வரை இன்னொரு நாற்காலியில் சேர்ந்து மேற்பார்வை பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரை இயக்க என்னையும் டீச்சரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்னை ஏன் என்றால், பள்ளிக்கூட மின்சார மணி ஒருமுறை நிற்காமல் அடித்தபோது நான்தான் நிறுத்தினேன். டீச்சரை ஏன் என்றால், அவர் புதிது, முடியாது என்று சொல்லத் தெரியாது.

ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், இருப்பது ஒரு கம்ப்யூட்டர். டீச்சர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ப்ரோக்ராமைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஓர் எழுத்து அடிக்கவிட்டார். முதல் பிள்ளை பி அடிக்கும், அடுத்தது ஆர், அதற்கடுத்தது ஐ. அடித்த பிள்ளை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே போகும், அந்த விரலை மற்றவர்களுக்குக் காட்ட. ஒரு பையன் மட்டும் ஒருநாள் அழுதுகொண்டு நின்றான். "டீச்சர், போன வாரமும் எனக்கு வெறும் எடம்தான் வந்துச்சு. இந்த வாரமும் வெறும் எடமா" என்றான். டீச்சர் அவனைப் பக்கத்தில் இழுத்து, "வெறும் எடம் இல்லைன்னா எல்லா வார்த்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்டா. மத்தவங்க தப்பா அடிச்சாக் கூடச் சமாளிக்கலாம், நீ தப்பா அடிச்சா அம்புட்டுதான்" என்றார். அதற்குப் பிறகு அவன் மற்ற எழுத்துக்காரர்களை மதிப்பதே இல்லை. இப்படி அறுபது பேரும் அடித்து முடிக்கிற சமயத்தில் கரண்ட் போகும். அத்தனையும் அழிந்துவிடும். மறுபடியும் முதல் பிள்ளை, மறுபடியும் பி.

டீச்சர் எழுதிய ஒரு ப்ரோக்ராம் வட்டம் வரையும். கருப்புத் திரையில் பச்சையாக ஒரு புள்ளி விழும். கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் இன்னொரு புள்ளி விழும். கண்ணில் தெரியாத ஒருவர் ஊசி கோத்துத் தைப்பதுபோல இருக்கும். முழு வட்டமும் முடிவதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிப்போகும். வகுப்பு முடிந்த பிறகு அதை ஓடவிட்டுவிட்டு, மின்விளக்கை அணைத்துவிட்டு, ஏ.சி.யின் ரீங்காரத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். வட்டம் முடியும்வரை பேசிக்கொண்டிருப்போம். என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் ஊரில் மழை பெய்ததா, சூரியபிரகாஷுக்குப் பல் விழுந்ததா, எனக்கு ஏன் கத்திரிக்காய் பிடிக்காது, இப்படித்தான் ஏதாவது. ஒருநாள் ஒரு வரியை மாற்றினால் வட்டம் சடசடவென்று முடிந்துவிடும் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். டீச்சர் திரையைப் பார்த்தபடியே, "வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும்" என்றார். பிள்ளைகள் நிதானமாகப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருப்பார். பாடம் நடத்துவதில் அப்படி ஓர் அக்கறை.

கதை லாட்ஜை விட்டுத் தள்ளிப் போகிறது என்று அத்தான் முணுமுணுப்பது கேட்கிறது. வந்துவிட்டேன். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நாலு ஸ்க்ரூ. மூன்று கழன்றது. நாலாவது துருப்பிடித்துக் கெட்டியாகிவிட்டது. டீச்சர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டார். "கொஞ்ச நேரம் ஊறட்டும் சார்" என்றார். ஊறும்வரை வேறு வேலை இல்லை. பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பதரை எப்போது ஆனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விருமாண்டி மூன்று சக்கர வண்டியோடு வந்து வாசலில் நின்று, "என்ன சார், இன்னும் பிரிக்கலயா? நான் ஆரப்பாளையம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். எனக்கு அப்போதுதான் சேலத்துப் பெரியவர் ஞாபகம் வந்தது. "விருமாண்டி அண்ணே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர லாட்ஜுல வெங்கடரமணன்னு ஒரு பெரியவர் இருப்பாரு. ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன், அரை மணி நேரத்துல வந்துருவேன்னு சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது இவ்வளவுதான். அவர் அங்கே போய்ச் சொன்னது என்னவென்று பின்னால் பெரியவர் வாயாலேயே கேட்டேன். "ஐயா, வாத்தியாரும் டீச்சரம்மாவும் ரூமுல உக்காந்து பேசிக்கிட்டு இருக்காக. ஏதோ ஊறணுமாம். இப்போதைக்கு வர்ற மாதிரி தெரியல" என்று சொல்லியிருக்கிறார்.

நாலாவது ஸ்க்ரூ கழன்று, மூடியைத் தூக்கி, உள்ளே பல்லி முட்டை ஓடுகளை டீச்சர் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். விருமாண்டியின் வண்டியில், உடைந்த டேபிள் ஃபேனுக்கும் பழைய பக்கெட்டுகளுக்கும் நடுவில், சரிகை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வெங்கடரமணன் அவர்கள் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "அங்கதான் போறேன், ஏறிக்கங்கன்னு இவர்தான் சொன்னாரு. கோவத்துல ஏறிட்டேன்" என்றார். இறங்கும்போது கோபம் பாதியாகியிருந்தது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டுகளைத் தாண்டி இறங்குகிற மனிதரால் முழுக் கோபத்தையும் கையில் பிடித்துக்கொள்ள முடியாது.

உள்ளே வந்தார். தரையில் நியூஸ் பேப்பர் விரித்து, டீச்சர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கீபோர்டு கட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் என்னைப் பார்த்து, டீச்சருக்குப் புரியாது என்று நினைத்து, தமிழில் இல்லாமல் நம்மவர்கள் வீட்டுக்குள் பேசும் நம் பாஷையில், யாரப்பா இந்த அம்மாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் நிமிர்ந்து, அதே நம் பாஷையில், நான் கணக்கு டீச்சர், காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. செல்லூரில் நம்மவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார், காதில் விழுந்து விழுந்து வந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் வேறு டீச்சர் யாருக்காவது இது வருமா என்று பெரியவர் கேட்டார். நான் அதை யோசித்ததில்லை.

நாற்காலிகளை எல்லாம் ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டதால் அவரும் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்ததும் டீச்சர், "ஐயா, இந்த ஸ்க்ரூவை எல்லாம் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? உருண்டு போயிருது" என்று அவர் கையில் கொடுத்தார். அவர் அங்கவஸ்திரத்தை மடியில் விரித்து வாங்கிக்கொண்டார். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று அவரே பிரித்தும் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் நினைத்தாலும் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் எல்லாம் சிந்திவிடும். ஆகவே அக்கா, நான் பெரியவரை மதிக்காமல் காக்க வைத்தேன் என்பது தவறு. அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, பகல் முழுவதும் அவரோடுதான் இருந்தேன்.

கீபோர்டுக் கட்டைகளுக்கு அடியில் சாக்பீஸ் தூள், குங்குமம், யாருடைய தலைமுடியோ, பொடியாகிப்போன பூவிதழ் எல்லாம் இருந்தன. டீச்சர் விரல் நுனியில் எதையோ ஒட்டி எடுத்து, "சார், இந்தக் கடலைத் தோலு யாரோடது" என்று கேட்டார். அந்த அறைக்குள் எதுவும் தின்னக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவனே நான்தான். "பிள்ளைங்க யாராவது இருக்கும் டீச்சர்" என்றேன். "பிள்ளைங்களை நீங்க பாக்கெட்டத் தடவிப் பாத்துத்தானே உள்ள விடுவீங்க. எனக்கு அப்பவே தெரியும் சார். வட்டம் சுத்தி வர்றப்ப இருட்டுல கறுக்கு மொறுக்குன்னு சத்தம் வரும். எலின்னு நெனச்சுக்கிட்டு பேசாம இருந்தேன்" என்றார். பெரியவர் சிரித்து, ஸ்க்ரூ இரண்டு உருண்டு, மூன்று பேரும் குனிந்து தேடினோம்.

பிறகு கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த பழைய டேப்ரெக்கார்டர் வெளியே வந்தது. அது எதற்கு என்று பெரியவர் கேட்டதால் விளையாட்டு விழாக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் கிடையாது. எழுதியதைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் ஆயிரம் சில்வண்டு சேர்ந்து கத்துவதுபோல இருக்கும். ஒரு வருஷம் விளையாட்டு விழாவில், பிள்ளைகள் கைகாலை அசைத்துச் செய்யும் டிரில்லுக்கு இசை போட டிரில் மாஸ்டர் சிவனாண்டி என் மேஜையிலிருந்து கேசட்டை மாற்றி எடுத்துப் போய்விட்டார். "ஒலிபெருக்கி நாலு பக்கமும்" என்று நான் ஆரம்பித்தேன். "செல்லூர் முச்சூடும் கேட்டுச்சு ஐயா" என்றார் டீச்சர். "தறி ஓட்டுறவங்க எல்லாம் மெஷினை நிறுத்திட்டு" என்றேன். "தெருவுக்கு வந்துட்டாங்க" என்றார். "சிவனாண்டி சாருக்கு எதை அமுக்கி நிறுத்துறதுன்னு" என்றேன். "தெரியல. ஆனா பிள்ளைங்க நிக்கல. நிறுத்தச் சொல்லலையே. அந்தச் சத்தத்துக்கே குனிஞ்சு நிமிந்து கடைசி வரைக்கும் ஆடி முடிச்சிருச்சுங்க. சிறப்பு விருந்தினர் எழுந்திரிச்சுக் கை தட்டுனாரு" என்று டீச்சர் முடித்தார். அது டீச்சரின் வட்டம்தான் அக்கா. அன்றைக்கு மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள் ஆடியது அந்த வட்டத்துக்கு. பெரியவர் என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலித்திருக்கும்.

மத்தியானம் டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். புளியோதரை. பெரியவர் ஒரு வாய் வைத்ததும், "இது எங்க வீட்டுப் பக்குவமாச்சே" என்றார். வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதாக டீச்சர் சொன்னார். எதற்காக இரண்டு டப்பா என்று பெரியவர் கேட்டார். இதற்கு நானே விளக்கம் சொன்னேன். மெஸ் சாப்பாடு எனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று எப்போதோ ஒருமுறை சொன்னேன், அதிலிருந்து டீச்சர் இரண்டு டப்பா கொண்டுவருவார், அது பழக்கம், அவ்வளவுதான் என்றேன். "எப்பலருந்து?" என்றார். டீச்சர் யோசித்து, "சூரியபிரகாஷ் ரெண்டாப்பு படிக்கறப்பலருந்து" என்றார். பெரியவர் நிதானமாகச் சாப்பிட்டார்.

கடைசியில் உள்ளே இருந்த பெரிய போர்டு ஒன்றுதான் மிச்சம். பச்சை நிறம், மேலே கறுப்பு கறுப்பாகப் பூரான் மாதிரிக் கால்கள் வைத்த சில்லுகள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். வெள்ளிக் கம்பிக் கோடுகள் சந்து சந்தாக ஓடின. ஆகாயத்திலிருந்து பார்த்தால் செல்லூர் இப்படித்தான் இருக்கும்போல. டீச்சர், "சார், அந்த வட்டம் இதுல எங்க இருந்துச்சு" என்று கேட்டார். நான் பிசிக்ஸ் வாத்தியார். கரண்ட் போனதும் அதில் ஒன்றும் இருக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன வந்ததோ, ஒரு சில்லைத் தொட்டுக் காட்டி, "இதுல டீச்சர்" என்றேன். அவர் விரலை வைத்துத் தடவினார். "இம்புட்டுக்குள்ளயா இருந்துச்சு அம்புட்டும்" என்றார். வெளியே விருமாண்டி வண்டியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானதால் தறிச் சத்தமும் குறைவு. ஏ.சி. எப்போதோ செத்துவிட்டது, ஆனாலும் அந்த ரீங்காரம் எனக்குக் கேட்டது. நாங்கள் மூவரும் அந்தப் போர்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பெரியவர்தான் முதலில் அசைந்தார். மடியிலிருந்த ஸ்க்ரூக்களை மெதுவாகப் பேப்பரில் கொட்டிவிட்டு, அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்தார்.

குழாயடியில் கை கழுவப் போனார். டீச்சர் தண்ணீர் அடித்து ஊற்றப் பின்னால் போனார். அங்கே இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பற்றியாக இருக்கும். திரும்பி வந்தவர் என் தோளைத் தட்டி, "தம்பி, நான் பொறப்படுறேன். ஒங்க வேலையை நீங்க நல்லபடியா முடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, விருமாண்டியை எழுப்பி, அதே வண்டியில் ஏறி, இரும்பும் தகடுமாகப் பிரித்து வைத்த கம்ப்யூட்டரோடு ஆரப்பாளையம் போய்விட்டார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜாதகம் இல்லை. என் சம்பளம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. பட்டு வேட்டி பையிலேயே இருந்தது. மறுநாள் நீங்கள் போன் செய்து, சேலத்துக்காரர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்கிறீர்கள். என்ன குற்றம் கண்டார் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கடலைத் தோல் விஷயம் ஒன்றுதான் தோன்றுகிறது. அறைக்குள் தின்றது தவறுதான். அதற்காக ஒரு சம்பந்தத்தையே விடுவார்களா?

ஆகவே அக்கா, இதில் என் தவறு எதுவும் இல்லை, நாலாவது ஸ்க்ரூவின் தவறு. நீங்கள் சேலத்துக்கு இன்னொரு தடவை எழுதிப் பாருங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு எந்த ஊரானாலும் சரி, புரட்டாசி கழிந்து ஐப்பசியில் நாள் பார்த்துவிடுங்கள். நீங்கள் கை காட்டும் பெண்ணுக்கு நான் தலையாட்டுகிறேன். எனக்கென்று தனியாக ஒரு விருப்பமும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். நீங்கள் இருவரும் வீட்டுப் பெருமாள் துணையோடு நீண்ட காலம் சுகமாக இருந்து, என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
கோகுல்நாத்

பின்குறிப்பு: வியாழக்கிழமை, 11-9-2003. மேலே எழுதியதில் சேலம், ஐப்பசி, விருப்பம் இல்லை என்ற இடங்களை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தபால் தலை வாங்க மறந்து கடிதம் பையிலேயே கிடந்துவிட்டது. நேற்று காலை வயரிங் ஆள் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து, "சார், ஞாயித்துக்கெழம அந்தப் பெரியவரு கொழாயடில என்கிட்ட ஒண்ணு கேட்டாரு" என்றார். "பஸ் எத்தனை மணிக்குன்னா?" என்றேன். "இல்ல சார். நான் ஊருக்குப் போயி எங்க பொண்ணுக்கு என்னம்மா பதில் சொல்லட்டும், இந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல அவளைக் கொண்டாந்து உக்கார வைக்க எனக்கு மனசு வரலன்னாரு." நான், "நீங்க என்ன சொன்னீங்க" என்றேன். "அழுகை வந்துருச்சு. அவரு அதையே பதிலா எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்றார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போய் ஒளி நடத்த வேண்டியவன் ஒலியை நடத்திவிட்டு வந்தேன், ஒருவரும் தடுக்கவில்லை. திரும்பி வந்து, "எனக்குச் சம்மதம் டீச்சர்" என்றேன். "கேட்டது பெரியவரு. நீங்க எதுக்கு சார் சம்மதம் சொல்றீங்க? நீங்க கேக்கணும்" என்றார். கேட்டேன்.

சூரியபிரகாஷுக்கு ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொல்லித் தயங்கியதும் அவன், "அம்மா, பின்னாடி பத்துப் பேரு போனுக்கு நிக்கிறாங்க. நல்ல விஷயந்தானே, சரின்னு சொல்லிட்டு வை" என்றானாம். டீச்சரின் அண்ணன் நல்லகாமன் அப்படிச் சொல்லமாட்டார். கோபப்படுவார் என்று டீச்சரே சொல்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போய் நேரில் கேட்கப் போகிறேன். சேலத்துப் பெண்ணிடம் என் சார்பில் நீங்கள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவருக்கு நானே தனியாக எழுதுகிறேன்.

முன் பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். டீச்சர் வாங்கிப் படித்தார். "கிழிக்காதீங்க. உங்க அக்காவுக்குப் படிச்ச ஒடனே எல்லாம் புரிஞ்சிரும். எழுதுன ஆளுக்கு மட்டுந்தான் புரியல" என்றார்.

இது சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்தால் மாட்டுத்தாவணியில் நான் நிற்கிறேன், சேர்ந்து போகலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம். நீங்கள் வராவிட்டாலும் அக்கா, நான் போகத்தான் போகிறேன். உங்களுக்கு இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதுவது இதுவே முதல் தடவை. எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடிக்கத் தோன்றவில்லை.